பழைய டெஸ்க்டாப்: மாற்றுவதா, சரிசெய்வதா? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

ஹாலின் ஓரத்தில் கம்ப்யூட்டர் டேபிள். கேபினெட்டின் முகப்பில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. வீட்டில் யாரோ ஒருவர் காலேஜ் சேர்ந்தபோது, 2013-லோ 2014-லோ வாங்கியது. "ஆன் பண்ணிட்டுப் போய் காபி போட்டுட்டு வந்தா கரெக்டா இருக்கும்" என்பது அந்த வீட்டில் பழகிப்போன ஜோக்.

ஆனாலும் அது சும்மா இல்லை. அப்பாவின் கடைக் கணக்கு அதில்தான் இருக்கிறது. வருமான வரி ரிட்டர்ன், தம்பியின் கவுன்சலிங் விண்ணப்பம், வேலைக்கான ரெஸ்யூமே எல்லாம் அதில்தான் தயாராகின்றன. செல்போன் கேமராவுக்கு முந்தைய காலத்து டிஜிட்டல் கேமரா போட்டோக்கள் வேறு எங்கும் இல்லை, அதில் மட்டும்தான்.

இப்போது விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பும் திரையில் வந்து நிற்கிறது. "புதுசு வாங்கிடலாம்" என்கிறார் ஒருவர். "இதுலயே ஏதாவது போட்டு ஓட்ட முடியாதா?" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியாக இருக்கலாம், இரண்டுமே தவறாகவும் போகலாம். அவசரத்தில் முடிவெடுத்தால் நல்ல மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பணத்தை விடலாம். பாதுகாப்பில்லாத மெஷினில் நெட் பேங்கிங் செய்துகொண்டிருக்கலாம். பத்து வருட போட்டோக்களை ஒரே 'ஃபார்மட்'டில் இழக்கலாம்.

என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பெட்டி ஒன்று, வயது பல

வீடுகளில் 'சிபியு' என்று சொல்லப்படும் பெட்டிக்குள் பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை என்ற எஸ்எம்பிஎஸ் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவைதான். ஆனால் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை.

பிராசஸரில் அசையும் பகுதி எதுவும் இல்லை. சூடு கட்டுக்குள் இருந்தால் பத்து வருடத்துக்குப் பிறகும் அதே வேகத்தில்தான் கணக்குப் போடும். ஹார்டு டிஸ்க் அப்படி இல்லை. உள்ளே தட்டு சுழல்கிறது, முள் நகர்கிறது, தேய்மானம் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல வலுவிழக்கின்றன. ஃபேன் தூசி பிடித்து முனகுகிறது.

அதனால் "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது" என்பது பாதிப் பதில்தான். எந்தப் பகுதி பழசானது என்று கண்டுபிடித்த பிறகுதான் செலவு பற்றிப் பேச வேண்டும்.

முதலில் காப்பி, பிறகு ஸ்க்ரூடிரைவர்

எதையும் கழற்றும் முன், கடைக்குத் தூக்கிப் போகும் முன், செய்ய வேண்டிய வேலை ஒன்று: உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைப்பது. மெதுவாகிவிட்ட கம்ப்யூட்டரில் கோளாறு பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் என்பதால், இது வெறும் முன்ஜாக்கிரதை இல்லை.

'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீல நிறத்தில் 'குட்' என்று வந்தால் இப்போதைக்குப் பயமில்லை. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் டிஸ்க்கின் சில பகுதிகள் ஏற்கெனவே கெட ஆரம்பித்துவிட்டன. உள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முக்கியமான ஃபைல்களை முதலில் காப்பி எடுங்கள். சினிமா, பாட்டு எல்லாம் பிறகு.

காப்பி ஒரே இடத்தில் இருந்தால் போதாது. ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று கிளவுடில் அல்லது வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

பலர் மறந்துவிடும் சில விஷயங்கள்:

• டெஸ்க்டாப்பிலும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலும் இருப்பவை. கடையில் 'டி டிரைவ் அப்படியே இருக்கும்' என்பார்கள். ஆனால் இந்த இரண்டும் பொதுவாக சி டிரைவில் இருப்பவை. ஃபார்மட் போட்டால் போய்விடும்.

• டேலி போன்ற கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். மென்பொருளை மறுபடி போடலாம், கணக்கை மறுபடி போட முடியாது.

• பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள்.

• பழைய தமிழ் எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முன்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் பத்திரங்களும் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்து அழியவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் எடுத்து வைத்தால் இந்தத் தலைவலி வராது.

எங்கே அடைப்பு? ஐந்து நிமிடச் சோதனை

கம்ப்யூட்டரை ஆன் செய்து வழக்கம்போல வேலையைத் தொடங்குங்கள். பிரவுசரில் நான்கைந்து டேப், ஒரு எக்செல் ஷீட். மெதுவாகும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. சிபியு மட்டும் நூறில் நின்றால் ஒன்று பிராசஸருக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது, அல்லது பின்னணியில் ஏதோ வேண்டாத மென்பொருள் ஓடுகிறது. ஹார்டு டிஸ்க்கில் ஓடும் பழைய வீட்டு கம்ப்யூட்டர்களில் அதிகம் தென்படுவது முதல் வகை.

எஸ்எஸ்டி ஏன் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது?

வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கும் ஹார்டு டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 120 சுற்று. கேட்பதற்கு வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தகவலை எடுக்க முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுழன்று அந்த இடம் முள்ளுக்குக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். அப்படிப் பார்த்தால் விநாடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே கஷ்டம்.

விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கிறது. முள் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். காபி போட்டுக் குடிக்கும் நேரம் அங்கேதான் போகிறது.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. எல்லாம் சிப்தான். எந்த இடத்தில் இருக்கும் தகவலையும் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எடுத்துவிடும். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில்கூட இரண்டு மூன்று நிமிடம் பிடித்த ஸ்டார்ட்டிங் அரை நிமிடத்துக்குள் வருவது இதனால்தான்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பழைய மதர்போர்டுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான் பாதுகாப்பான தேர்வு. சூயிங்கம் துண்டு மாதிரி இருக்கும் என்விஎம்இ வகை புதிய போர்டுகளுக்கானது. நான்காம் தலைமுறை இன்டெல் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு ஸ்லாட்டே இருக்காது. இரண்டு, பழைய போர்டுகளில் எல்லா சாட்டா போர்ட்டும் ஒரே வேகம் இல்லை. உதாரணமாக, அந்தக் காலத்தில் பல வீடுகளுக்கு வந்த எச்81 சிப்செட் போர்டில் இரண்டு போர்ட் 6 ஜிபிபிஎஸ், இரண்டு போர்ட் 3 ஜிபிபிஎஸ். எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். பல போர்டுகளில் நிறத்தாலோ பக்கத்தில் அச்சிட்ட எழுத்தாலோ அடையாளம் தெரியும்.

விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 256 ஜிபியே போதும். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் போட்டோ, வீடியோவுக்கு இரண்டாவது டிரைவாக உள்ளேயே இருக்கட்டும்.

ரேம் போடும் முன் இதைப் பாருங்கள்

இன்றைய பிரவுசருக்கும் விண்டோஸுக்கும் சேர்த்து 4 ஜிபி ரேம் திணறும். சாதாரண வீட்டு வேலைக்கு 8 ஜிபி வசதியாக இருக்கும். எடிட்டிங், கோடிங் என்றால் 16 ஜிபி.

ஆனால் ரேமில் ஒரு பொறி இருக்கிறது. 'செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்' பகுதியில் '32 பிட்' விண்டோஸ் என்று இருந்தால், வீட்டு எடிஷனில் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அது பயன்படுத்தாது. முதலில் 64 பிட் விண்டோஸாக மாற்ற வேண்டும். அதற்கு முழுசாக ஃபார்மட் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழி. இதைப் பார்க்காமல் ரேம் வாங்கி மாட்டிவிட்டு, "ஒரு மாற்றமும் தெரியலையே" என்று நிற்பவர்கள் உண்டு.

இன்னொன்று வகை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் இருக்கும் வெட்டின் இடமே மாறும். மேலோட்டமாகச் சொன்னால், 2015-க்கு முன் வாங்கிய இன்டெல் மெஷின் என்றால் டிடிஆர்3, அதற்குப் பிறகு டிடிஆர்4. சந்தேகம் இருந்தால் பழைய ரேமைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

விலையும் இப்போது பழைய மாதிரி இல்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் பெரிய அளவில் போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. எஸ்எஸ்டி விலையையும் அது இழுத்துக்கொண்டு போனது. 'குரூஷியல்' என்ற பெயரில் சில்லறையில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் போன வருடம் நண்பர் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். தேவைக்கு மேல் வாங்கவும் வேண்டாம். பழைய பெட்டியில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வாங்கும் பெட்டியும் டிடிஆர்4 என்றால் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

சின்னக் கோளாறு, பெரிய பில்

சில அறிகுறிகளைப் பார்த்தால் கம்ப்யூட்டரே போய்விட்டது மாதிரி இருக்கும். விஷயம் ரொம்பச் சின்னதாக இருக்கும்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? இணையதளம் திறந்தால் 'பாதுகாப்பானது அல்ல' என்று பிழை வருகிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும், சில்லறைக் காசுதான்.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை, 'பீப்' சத்தம் மட்டும் வருகிறதா? ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டும் சர்வீஸ்காரரின் வித்தை பல நேரங்களில் வேலை செய்யும். காரணம் எளிது. தொடும் இடத்தில் படிந்திருக்கும் அழுக்கு நீங்குகிறது. செய்வதற்கு முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும்.

அரை மணி நேரம் ஓடியதும் மெதுவாகிறதா, தானாக ஆஃப் ஆகிறதா? ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கும். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு வெளியே துடைப்பதோடு, வருடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டினால் இந்தச் செலவே வராது.

கரன்ட் போனதும் கம்ப்யூட்டரும் கூடவே அணைகிறதா? அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை, யுபிஎஸ் பேட்டரி. அந்த 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். கரன்ட் அடிக்கடி போய் வரும் ஊர்களில் புது எஸ்எஸ்டி போடுவதற்கு முன் இதைச் சரிசெய்வதே புத்திசாலித்தனம்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றால் கதை வேறு. அந்தப் பெட்டியில் மேற்கொண்டு காசு போட வேண்டாம்.

விண்டோஸ் 10 முடிந்தால் என்ன ஆகும்?

2015 ஜூலை 29-ம் தேதி வெளியான விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்கள் வழக்கம்போல வராது.

"ஆன்டிவைரஸ் இருக்கே, அது போதாதா?" என்ற கேள்வி வரும். போதாது. ஆன்டிவைரஸ் உள்ளே வரும் திருடனை அடையாளம் காட்டும் வாட்ச்மேன். விண்டோஸ் அப்டேட் உடைந்த பூட்டைச் சரிசெய்வது. இரண்டும் வேண்டும், குறிப்பாக நெட் பேங்கிங் செய்யும் மெஷினில்.

இன்னொரு பிரச்சினை மெல்ல வரும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. அதன் பிறகும் பலர் ஓட்டினார்கள். 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசர் விண்டோஸ் 7-க்குப் புதிய பதிப்பு தருவதை நிறுத்தியது. பிரவுசர் பழசாகிவிட்டால் இணையதளங்கள் ஒவ்வொன்றாகத் தகராறு செய்யத் தொடங்கும். விண்டோஸ் 10-க்கும் அந்த நாள் வரும்.

உடனே பயப்படத் தேவையில்லை. வீட்டுப் பயனாளர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து, விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை சின்க் செய்தால் இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட்டுகளைக் கொடுக்கலாம், அல்லது ஒரு முறை 30 டாலருக்கு நிகரான தொகையைக் கட்டலாம். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். யோசித்து முடிவெடுக்க இது கிடைத்த அவகாசம், நிரந்தரத் தீர்வு இல்லை.

கோடு எங்கே விழுகிறது?

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம், அங்கீகரிக்கப்பட்ட பிராசஸர் எல்லாம் வேண்டும். பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்துவது கடைசி இரண்டும்தான். இன்டெல் என்றால், சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசையில் பெரும்பாலானவையும் அதற்குப் பிறகு வந்தவையும்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-4460 என்றால் முதல் எண் 4, நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ3-10100 மாதிரி ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு எண், பத்தாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் 2017 கடைசியில் வந்தவை. எனவே 2018-க்கு முன் வாங்கியது என்றால் பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

இதை வைத்து மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

எட்டாம் தலைமுறை அல்லது மேல்: மாற்றவே வேண்டாம். எஸ்எஸ்டி, தேவைப்பட்டால் ரேம், பிறகு விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப் 'தகுதி இல்லை' என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள். பயாஸ் செட்டிங்கில் டிபிஎம் ஆஃப் ஆகியிருப்பது சகஜம். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை ஆன் செய்தாலே பல மெஷின்கள் தேறிவிடும். இந்த ஒரு செட்டிங் தெரியாமல் நல்ல கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்.

நான்காம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரை: யோசிக்க வேண்டியது இங்கேதான். மெஷினுக்குத் தெம்பு இருக்கிறது, ஆனால் அதிகாரபூர்வ விண்டோஸ் 11 இல்லை. எஸ்எஸ்டி போடலாம், ஏனென்றால் அதை நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். பழைய போர்டுக்காக மட்டும் விலை உயர்ந்த ரேமோ பிராசஸரோ வாங்க வேண்டாம். செகண்ட் ஹேண்ட் டிடிஆர்3 ரேம் மலிவாகக் கிடைத்தால் சரி.

அதற்கும் முந்தையது, கோர் 2 டுயோ காலத்து மெஷின்: பேட்டரி, தூசி தவிர வேறு செலவு வேண்டாம். டேட்டாவை எடுத்துக்கொண்டு விடைகொடுக்கலாம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், பைபாஸ் பண்ணி விண்டோஸ் 11 போட்டுத் தரேன்" என்று சில கடைகளில் சொல்வார்கள். முடியும்தான். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து மிகப் பழைய பிராசஸர்களில் அது பூட் ஆவதே இல்லை. கூடவே திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுத்தால், பாதுகாப்புக்காகச் செய்த வேலையே ஓட்டையாகிவிடும்.

லினக்ஸ் சரிப்பட்டு வருமா?

நடுவில் மாட்டிக்கொண்ட மெஷின்களுக்கு இது நிஜமான வழி. லினக்ஸ் மின்ட் 22 இலவசம், 2029 வரை ஆதரவு உண்டு, பார்ப்பதற்கும் விண்டோஸ் மாதிரியே இருக்கும். பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வேலை செய்கிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். தமிழ்99 கீபோர்டும் அதில் உண்டு.

பிரவுசர், யூடியூப், மெயில், லெட்டர் டைப் செய்வது இவைதான் வீட்டு வேலை என்றால் தாராளமாக மாறலாம். ஆனால் டேலியில் கணக்கு எழுதும் வீடு, டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கன் பயன்படுத்தும் வீடு, பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களில் தொழில் நடத்தும் வீடு என்றால் விண்டோஸ்தான் சரி. தத்துவத்துக்காக அப்பாவின் மாதக் கடைசி வேலையைச் சிக்கலாக்க வேண்டாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்?

முதலில், எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், யுபிஎஸ் எல்லாம் தொடரலாம். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ மட்டும்தான் என்றால், புதிய பெட்டியில் அந்த போர்ட் இல்லாமல் போகலாம். எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் ஒன்று போதும், புது மானிட்டர் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பட்ஜெட் குறைவு என்றால் அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கொடுக்கும் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்கள் நல்ல தேர்வு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். நான்கு கேள்வி கேளுங்கள். பிராசஸர் எட்டாம் தலைமுறைக்கு மேலா? 'கோர் ஐ7' என்று பெரிதாக எழுதி நான்காம் தலைமுறையைத் தலையில் கட்டுவது உண்டு, ஐ7 என்பதைவிடப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். விண்டோஸ் ஒரிஜினல் லைசென்ஸுடன் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா? எஸ்எஸ்டி புதுசா பழசா, எத்தனை மணி நேரம் ஓடியது? ஜிஎஸ்டி பில்லும் வாரன்டியும் உண்டா? சின்ன சைஸ் ஆபீஸ் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், பழுதானால் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிதாகவே வாங்குவது என்றால் பிராசஸரின் பெயருக்கு ஆசைப்பட்டு ரேமிலும் எஸ்எஸ்டியிலும் குறைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு ஐ3 ரகமே போதும். 8 ஜிபியில் ஆரம்பித்து, இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கும்படி வாங்கினால் விலை இறங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் கணக்கே வேறு. பழைய பெட்டியில் புது கிராபிக்ஸ் கார்டைச் செருகும் முன் எஸ்எம்பிஎஸ் அந்த லோடைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் செலவு, ஒரு நல்ல ரீஃபர்பிஷ்டு பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் சரிசெய்வதை விட்டுவிடலாம். இது சட்டம் இல்லை, ஆனால் கடை வாசலில் நிற்கும்போது கைகொடுக்கும் கணக்கு.

பழைய பெட்டியை என்ன செய்வது?

இந்தியாவில் 2022-ம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் வழியாகத்தான் இவை கையாளப்பட வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால், செம்புக்காக வயரை எரிப்பதிலும் போர்டை ஆசிட்டில் போடுவதிலும் போய் முடியலாம். பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதை உடைக்கவே கூடாது. தயாரிப்பு நிறுவனங்கள் பழையதைத் திரும்பப் பெறும் வசதியை அவற்றின் இணையதளத்தில் பார்க்கலாம்.

கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். டெலீட் செய்தாலும், அவசர ஃபார்மட் போட்டாலும் உள்ளே இருந்த ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் மீட்கக்கூடியவையே. டிஸ்க் நன்றாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு எக்ஸ்டர்னல் டிரைவாக வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் முழுமையாக அழிக்கும் மென்பொருளை ஓட்டிய பிறகே கையை விட்டுப் போகட்டும்.

இந்த வார இறுதியில் என்ன செய்யலாம்?

புதுசு வாங்குவதா வேண்டாமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். போட்டோவையும் கணக்கையும் காப்பி எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். பிராசஸர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்றால் நீட்டிப்புத் திட்டத்தில் சேருங்கள்.

அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், "என்ன சார் வேணும், புது சிஸ்டமா?" என்று கேட்பவரிடம் "இல்ல, 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு" என்று சொல்லத் தெரியும். அல்லது, புது சிஸ்டம்தான் வேண்டும் என்றால், ஏன் வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.